நாற்பது மணி நேரம்

மிருதுளா மேடைக்குப் பயந்தவள் அல்ல. மூடிக் கிடந்த பனியன் கம்பெனிகளின் வாசலில் நின்று, ஒலிபெருக்கி இல்லாமலே ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி பேசியவள். ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் அவள் தட்டிலிருந்த இட்லியைத் தொடாமலே எழுந்தாள். மாலை நான்கு மணிக்கு டவுன்ஹாலில் கடைசி விவாதம். ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. கூட்டுச்சந்தையில் திருப்பூர் தொடர்ந்து இருப்பதா, விலகுவதா என்று ஊர் முடிவு செய்யப் போகிறது. விலகும் பக்கத்தில் கடைசியாகப் பேச வேண்டியவள் அவள்.

2061ஆம் வருடம் அது. கூட்டுச்சந்தை என்பது நாடுகள் கூடி அமைத்ததல்ல. வங்கக் கடலைச் சுற்றியும் அதைத் தாண்டியும் இருந்த இருபத்திரண்டு நகரங்கள், முப்பது வருடங்களுக்கு முன் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஒரு நகரத்துச் சரக்கு இன்னொரு நகரத்துக்கு வரியில்லாமல், சோதனையில்லாமல் போகலாம். முதல் பத்து வருடம் திருப்பூர் கொழித்தது. அதன்பின் மற்ற நகரங்களில் ஆளில்லாக் கூடங்கள் வந்தன. ஒரு பக்கம் நூலைக் கொடுத்தால் மறுபக்கம் சட்டை மடித்து விழும். அந்தச் சட்டை திருப்பூர்க் கடைவீதிக்கே வந்து, திருப்பூர்ச் சட்டையின் பாதி விலைக்கு விற்றது. தடுக்க வழியில்லை, ஒப்பந்தம் அப்படி. கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. அறுபதாயிரம் பேருக்கு வேலை போயிற்று. அதில் மிருதுளாவின் தங்கை கணவரும் ஒருவர். இருபது வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். போன ஆடியில் ஒரு நாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து உயிரை மாய்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்துதான் மிருதுளா விலக வேண்டும் என்று பேச ஆரம்பித்தாள். விலகினால் வெளிச்சட்டைக்கு வரி போடலாம், வரி வந்தால் அறுபது நாளில் கம்பெனியைத் திறக்கிறோம் என்று முதலாளிகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் கருத்துக்கணிப்பில் ‘இருப்போம்’ பக்கம் கொஞ்சம் முந்தியிருந்தது. விலகல் குழுவை நடத்தியவர் நகரமன்றத் தலைவர் தயாபரன். அவர் பேச்சைக் கேட்டு ஏமாந்த அனுபவம் ஊருக்கு நிறைய உண்டு.

பதினோரு மணிக்கு, தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் பிரகதீஷ் சங்க அலுவலகத்தில் அவள் மேசைக்கு வந்தான். அவன் முகம் இப்படி மலர்ந்து அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

“அக்கா, வந்திருச்சுங்க,” என்று ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தான். “நகரமன்ற முத்திரையோட. அந்தப் பக்கம் பேசற டாக்டரம்மா இன்னிக்கு வாயத் தொறக்க முடியாதுங்க.”

பிரகதீஷின் சட்டைக்குள், இடுப்பில், சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி இருந்தது. அதற்கு மருத்துவமனையில் நீண்ட பெயர் இருந்தது. ஊரில் எல்லோரும் ‘டப்பா’ என்றார்கள். சாயப்பட்டறையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அவற்றின் வேலையை டப்பா செய்தது. டப்பாவுக்குள் உயிருள்ள செல்களால் வளர்த்த ஒரு சவ்வு இருக்கும். மாதம் ஒரு முறை அதை மாற்ற வேண்டும். சவ்வு பினாங்கில் வளர்ந்து, விமானத்தில் கோவைக்கு வந்து, அங்கிருந்து இங்கே வரும். கட்டியிருப்பவன் மற்றவர்களைப் போல வேலைக்குப் போகலாம், கறிசோறு தின்னலாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கலாம். திருப்பூரில் அப்படி இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். விலகினால் சவ்வு என்னவாகும் என்பதுதான் எதிர்ப்பக்கத்தின் பெரிய கேள்வி.

மிருதுளா கடிதத்தைப் படித்தாள். ‘விலகலுக்குப் பின்னரும் சிறுநீரகச் சவ்வுகளுக்கு எவ்வித வரியும் விதிக்கப்படாது என நகரமன்றம் உறுதியளிக்கிறது.’

“நல்லதாச்சு போ,” என்றாள். மறுபடி படித்தாள். மூன்றாம் முறையும் படித்தாள்.

“என்னங்கக்கா?”

“சவ்வு பெட்டியில எத்தன மணி நேரம் தாங்கும் பிரகதீசு?”

“நாப்பது மணி நேரமுங்க. அதத் தாண்டுனா செத்துப்போகும். பினாங்குல ஏத்துனா இங்க வந்து சேர இருபது மணி நேரம் ஆகுமுங்க. ஏனுங்க கேக்கறீங்க?”

“சும்மாதான்,” என்றாள். கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். “நீ இதப் பத்தரமா வெச்சுக்க. நான் நகரமன்றத் தலைவரப் பாத்துட்டு வந்தர்றன்.”

சங்கத்துக்கு வருவதற்கு முன் மிருதுளா ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தவள். ஒரு முறை, கூட்டுச்சந்தையில் சேராத ஊரிலிருந்து உயிர்ச்சாயம் வரவழைத்தார்கள். நிறம் கக்கும் நுண்ணுயிர், கண்ணாடிக் குடுவைகளில். வரி ஒரு பைசா கிடையாது. ஆனால் உயிருள்ள சரக்கு என்பதால் ஆறு நாள் சோதனைக் கிடங்கில் நிறுத்தினார்கள். ஏழாம் நாள் அவள் பெட்டியைத் திறந்தபோது வந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை.

தயாபரன் தன் அறையில் மாலைக்கூட்டத்துக்கு வேட்டி மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க, உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?”

“வேண்டாங்க. கடுதாசில வரி இல்லைன்னு போட்டிருக்குது. சோதனை இல்லைன்னு போடலீங்களே.”

தயாபரன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சோதனை நம்ம கையில இல்லீங்க மிருதுளா. அது நாட்டுச் சட்டம். கூட்டுச்சந்தைக்குள்ள இருக்கற வரைக்கும் நமக்கு வெலக்கு. வெளிய வந்துட்டா நமக்கும் மத்தவங்களுக்கு இருக்கற சட்டந்தான்.”

“அப்ப ஆறு நாளுங்களா?”

“ஆறு நாளு.”

“சவ்வு நாப்பது மணி நேரந்தானுங்க உசுரோட இருக்கும்.”

“தெரியும்.” அவர் குரல் தாழ்ந்தது. “பேசி மாத்திக்கலாமுங்க. ரெண்டு வருசம் ஆகும். மூணு வருசமும் ஆகலாம்.”

“அது வரைக்கும் அவங்க என்ன பண்ணுவாங்க?”

“பெரியாசுபத்திரியில பழைய மிசின் இருக்குது. வாரம் மூணு நாளு போய்ப் படுத்துக்கற மிசினு.”

“எத்தன பேருக்கு வரும்?”

“நூறு பேருக்கு.”

மிச்சம் நூற்றுப் பதினான்கு பேர் என்று மிருதுளா சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கறன், தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் தயாபரன். “வேலை போயி, இந்த மூணு வருசத்துல உசுர மாச்சுக்கிட்டவங்க எத்தன பேரு?”

“முந்நூத்தி எட்டுங்க.” அந்தப் பட்டியலைச் சங்கத்தில் எழுதி வந்தவளே அவள்தான். இருநூற்று அறுபதாவது பெயர் தங்கை கணவருடையது.

“இன்னும் மூணு வருசம் இப்படியே இருந்தா அது அறுநூறாகும். நான் கொலகாரன் இல்லீங்க. ரெண்டு பக்கமும் உசுருதான். ஒரு பக்கம் கம்மி, ஒரு பக்கம் ஜாஸ்தி. யாராச்சும் ஒருத்தரு அதத் தூக்கிச் சொமக்கோணும். நான் சொமந்துக்கறன். நீங்க எப்பவும் பேசற மாதிரி பேசுங்க, போதும்.”

“டாக்டரம்மாவுக்கு இது தெரியுங்களா?”

“அவங்களுக்குச் சவ்வு தெரியும். சுங்கம் தெரியாது.”

வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. நடந்தே டவுன்ஹாலுக்குப் போனாள். வழியில் ஒரு கம்பெனி வாசலில், பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஐந்தாறு பெண்கள் கீரையும் தக்காளியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அதே கம்பெனியில் தையல் மிசினில் உட்கார்ந்திருந்தவர்கள். “அக்கா, இன்னிக்கு நல்லாப் பேசிப்போடுங்க,” என்றாள் ஒருத்தி. மிருதுளா தலையாட்டினாள். தயாபரன் சொன்னது பொய் என்றால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பாள். அது பொய்யாக இல்லை என்பதுதான் அவளை வதைத்தது.

டவுன்ஹாலில் நிற்க இடமில்லை. வெளியே திரை கட்டியிருந்தார்கள். முதல் வரிசையில் தயாபரன். நான்காவது வரிசையில் பிரகதீஷும் அவன் மனைவி லக்‌ஷனாவும். லக்‌ஷனா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்த அரசியலே அவளுக்குப் பிடிக்காது. அவனைத் தனியாக விட மனமில்லாமல் கூட வந்திருந்தாள்.

‘இருப்போம்’ பக்கத்தில் கடைசியாகப் பேசியவர் டாக்டர் நஸ்ரின். இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் டப்பா பொருத்தியவர் அவர்தான். பெரிய பேச்சாளர் இல்லை. காகிதத்தைப் பார்த்துப் படித்தார்.

“எம்பட பேசண்டுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? வெலகுன அடுத்த மாசம் சவ்வு வருமா வராதா? அத மட்டும் சொல்லுங்க. நான் இப்பவே எறங்கிப் போயிர்றேன்.”

நான்காவது வரிசையில் பிரகதீஷ் எழுந்தான். விவாதத்தை நடத்தியவர் தடுக்கப் பார்த்தார். கூட்டம் “பேச உடுங்க” என்றது.

“டாக்டரம்மா, நானும் உங்க பேசண்டுதானுங்க. நீங்க என்னைப் பொழைக்க வெச்சீங்க, அத நான் மறக்க மாட்டனுங்க. ஆனா இதா பாருங்க, கடுதாசி. வரி கெடையாதுன்னு நகரமன்றம் எழுதிக் குடுத்திருச்சு.” முழுவதையும் வாசித்தான். அரங்கு கைதட்டலில் அதிர்ந்தது.

கடிதம் மேடைக்குப் போயிற்று. டாக்டர் நஸ்ரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நிதானமாக மடித்தார்.

“இப்படி ஒண்ணு இருக்குதுன்னா... எனக்கு மேற்கொண்டு சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

விலகல் பக்கத்துக்கு அதைவிட நல்ல நேரம் அமையாது. தயாபரன் மிருதுளாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவள் எழுந்து மைக் முன்னால் வந்தாள். எப்போதும் சொல்கிற வணக்கத்தைச் சொன்னாள். அடுத்து எப்போதும் சொல்கிற முதல் வரி வாயில் வந்தது. நான்காவது வரிசையில் பிரகதீஷ் இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான், சிரித்துக்கொண்டு. ஒரு கை தன்னையறியாமல் இடுப்பில் டப்பாவின் மேல் இருந்தது.

“தம்பி படிச்ச கடுதாசி நெசந்தானுங்க,” என்றாள் மிருதுளா. “ஆனா அது பத்தாதுங்க.”

அரங்கு அடங்கவில்லை. இன்னும் யாருக்கும் புரியவில்லை.

“வரி இல்லைன்னா மட்டும் சவ்வு வந்தராதுங்க. நாம வெளிய வந்துட்டா, உசுரு இருக்கற சரக்க ஆறு நாளு கெடங்குல போட்டுச் சோதிப்பாங்க. அது நாட்டுச் சட்டம், நகரமன்றத்தால மாத்த முடியாது. சவ்வு நாப்பது மணி நேரந்தான் தாங்கும். ஏழா நாளு இங்க வர்றது சவ்வு இல்லீங்க. செத்த சதை.”

தயாபரன் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் நஸ்ரின் கண்ணாடியைக் கழற்றினார்.

“காத்தால வரைக்கும் இது எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சதுக்கப்பறம் சொல்லாம இருக்க முடியல.”

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: “அப்ப வெலக வேண்டாங்கறீங்களா?”

“அதுவும் சொல்ல முடியலீங்க. முந்நூத்தி எட்டுப் பேரு பட்டியலு என்கிட்ட இருக்குது. அதுல எந்தங்கச்சி வீட்டுக்காரரு இருக்காரு. வெலகாட்டி அந்தப் பட்டியலு நீளும். வெலகுனா இந்த இருநூத்திப் பதினாலு பேருல பாதிப் பேருக்கு வழி தெரியாது. ரெண்டும் நம்ம சனந்தான். எதுல குத்துனாலும் யாருக்கு என்ன ஆகுமுன்னு தெரிஞ்சு குத்துங்க. எனக்குத் தெரியாதுன்னு பொறகு யாரும் சொல்லக்கூடாது. அவ்வளவுதானுங்க.”

அவளுக்குக் கொடுத்த பதினைந்து நிமிடத்தில் நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் கைதட்டவில்லை. பிரகதீஷ் மெல்ல உட்கார்ந்தான். பிறகு எழுந்தான். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் நடுவழியே நடந்து வெளியே போனான். பின்னாலேயே லக்‌ஷனா. வாசலைத் தாண்டுவதற்கு முன் அவள் மட்டும் ஒரு முறை திரும்பி மேடையைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் என்னவென்று மிருதுளாவால் சொல்ல முடியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் அவள் வீட்டை விட்டு இறங்கவில்லை. தயாபரனின் ஆட்கள் போனில் திட்டினார்கள். பிரகதீஷுக்கு ஆறு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. தங்கை வந்து ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தாள். “நீ சொன்னது செரிதாங்கா,” என்றாள் கடைசியில். “ஆனா எனக்கு வயிறு எரியுது.”

ஞாயிறு காலை மிருதுளா வாக்குச்சாவடிக்குப் போனாள். திரைக்குள் இரண்டு பொத்தான்கள். இருப்போம், விலகுவோம். ஒரு வருடம் தெருத் தெருவாக எதற்காகத் தொண்டை கிழியப் பேசினாளோ அந்தப் பொத்தானில் விரல் போகவில்லை. போன முந்நூற்று எட்டுப் பேரையும் அவளால் இனித் திரும்பக் கொண்டுவர முடியாது. பிரகதீஷ் உயிரோடு இருந்தான். ‘இருப்போம்’ பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தோற்றுவிட்டோம், அது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மூன்று நாளில் முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

திங்கள் பகல் முடிவு வந்தது. நாலாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் ‘விலகுவோம்’ ஜெயித்திருந்தது.

முதலில் வந்தவர்கள் கீரை விற்ற பெண்கள். பின்னால் டெய்லர்கள், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள். அவள் வீட்டுச் சந்து நிறைந்துவிட்டது. சம்பங்கி மாலை ஒன்று அவள் கழுத்தில் விழுந்தது.

“நான் இருக்கலாமுன்னுதானுங்க இருந்தேன்,” என்றாள் ஒருத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. “தயாபரன நம்பி எவன் குத்துவான்? கம்பெனி தொறக்குமுன்னு சொல்றதும் பொய்யாத்தான் இருக்குமுன்னு நெனச்சேன். அன்னிக்கு நீங்க பேசுனீங்க பாருங்க. தனக்குப் பாதகமானதையே மறைக்காம சொல்ற பொம்பள, வேலை வருமுன்னு சொன்னதுல மட்டும் பொய் சொல்லுவாளான்னு என்ற வீட்டுக்காரரு கேட்டாரு. எங்க லைன் வீட்டுல ஒம்பது குடும்பமும் மாத்திக் குத்துனோமுங்க.”

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்று மாலை டாக்டர் நஸ்ரின் வந்தார். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றார்.

“நீங்க சும்மா இருந்திருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம்னு சொல்றாங்க,” என்றார். “எனக்கு அப்படித் தோணல. நீங்க அன்னிக்குச் சொல்லாம விட்டிருந்தா, எனக்கே ஏழா நாளுதான் தெரிஞ்சிருக்கும். இப்போ தொண்ணூறு நாளு இருக்குது. என்கூட வாங்க. உங்களுக்குச் சுங்கம் தெரியும்.”

விலகல் நடைமுறைக்கு வர அந்தத் தொண்ணூறு நாள்தான் அவகாசம். இருவரும் அலைந்த இடங்களுக்குக் கணக்கில்லை. டெல்லிக்கு இரண்டு முறை, பினாங்குக்கு ஒரு முறை. ஆறு நாள் சோதனையை நான்கு நாளாகக் குறைக்க டெல்லியில் சம்மதித்தார்கள். நாற்பது மணி நேரமே தாங்கும் சவ்வுக்கு நான்கு நாளும் ஒன்றுதான், நாற்பது நாளும் ஒன்றுதான். கடைசியில் கிடைத்தது வேறொன்று. இருபத்திரண்டு நகரங்களில் ஒன்றான தூத்துக்குடி கூட்டுச்சந்தையிலேயே தொடர்ந்தது. அங்கே சவ்வு வரும். ஆனால் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் பொருத்துவார்கள். மாதம் ஒரு நாள் பஸ் ஏறிப் போய் மாற்றிக்கொண்டு வர முடியாது. திருப்பூர் டப்பாக்காரர்களில் எழுபது குடும்பங்களுக்குக் குடியிருப்பு அனுமதி தர ஒப்புக்கொண்டார்கள். இருநூற்றுப் பதினான்கில் எழுபது. பெயர்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். நூறு பேர் பெரியாசுபத்திரியின் பழைய இயந்திரத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில், சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர்களில் மருத்துவமனை தேடிப் போனார்கள். விலகிய முதல் மூன்று வாரத்தில் நான்கு பேர் இறந்தார்கள். மிருதுளா சங்கத்தில் ஒரு புதுப் பட்டியல் எழுதத் தொடங்கினாள்.

கம்பெனிகள் திறந்தன. அதிலும் பொய்யில்லை. முதல் மாதத்திலேயே எண்ணாயிரம் பேர் வேலைக்குப் போனார்கள். அவள் தங்கைக்கும் செக்கிங்கில் இடம் கிடைத்தது.

பிரகதீஷின் பெயர் தூத்துக்குடிச் சீட்டில் வந்தது. இந்த நாளெல்லாம் அவன் சங்கத்துக்கு வரவில்லை. அவர்கள் கிளம்புகிற நாளை டாக்டர்தான் சொன்னார். மிருதுளா காலை ஒன்பது மணிக்கு அவன் வீட்டுக்குப் போனபோது வேனில் கட்டில், பீரோ எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அவன் கேஸ் அடுப்பைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான்.

“வாங்கக்கா,” என்றான். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அதுவே அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும் பிரகதீசு. மன்னிப்புக் கேக்க வரல. கேக்கற தகுதி இல்ல.” நிறுத்தினாள். “அன்னிக்கு நான் இருக்கலாமுன்னுதான் குத்துனேன். ஊரையெல்லாம் கெளப்பி உட்டுட்டு, நான் போய் இருக்கலாமுன்னு குத்திட்டு வந்தேன். உனக்காகத்தான்.”

அவன் போர்வை முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“நான் வெலகலாமுன்னு குத்துனனுங்க,” என்றான்.

“ஏண்டா தம்பி?”

“அன்னிக்கு அந்த ஹாலுல எல்லாரும் என்னையே பாத்தாங்க. பாவமுன்னு பாத்தாங்க. எனக்கு மூச்சு முட்டிப்போச்சு, அதான் எந்திரிச்சுப் போனேன். இவனுக்காக வேலைய விட்டுக்குடுத்தமுன்னு நாளைக்கு அறுபதாயிரம் பேரு நெனச்சா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சங்கத்துல உக்காருவேன்? அதுவுமில்லாம...” அவன் தெருவைப் பார்த்தான். “உங்க தங்கச்சி வீட்டுக்காரர நான்தானுங்க கயித்துலருந்து எறக்குனேன். அது எனக்கு மறக்கல.”

உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. லக்‌ஷனா வாசற்படியில் நின்றாள். அவள் எவ்வளவு கேட்டாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

“நான் போகவே இல்ல,” என்றாள் அவள்.

பிரகதீஷ் திரும்பினான். “எங்க போகல?”

“ஓட்டுப் போட. நீங்க முன்னாடி போனீங்க. நான் தலவலின்னு படுத்துக்கிட்டேன். இத்தன சொன்னதுக்கப்பறம் எவன் வெலகலாமுன்னு குத்தப்போறான், நம்ம ஒரு ஓட்டுல என்ன ஆயிருமுன்னு நெனச்சேன்.” கணக்கு சொல்லிக் கொடுக்கிற குரலிலேயே சொன்னாள். “எங்க பள்ளிக்கூடத்துல பதினோரு டீச்சருங்க. ஒருத்தருமே போகலையாம். எல்லாரும் இதையேதான் நெனச்சோமாம்.”

மிருதுளா அடுப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அவன் மறுபக்கத்தைப் பிடித்தான். இருவருமாகத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்து லக்‌ஷனா முன்சீட்டில் பிரகதீஷுக்குப் பக்கத்தில் ஏறினாள். வேன் கிளம்பியது, பத்தடி போய் நின்றது. அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

“மெயின் ரோடு வரைக்கும் ஏறிக்கங்கக்கா. வெயில்ல நடக்காதீங்க.”

மிருதுளா பின்னால், பாத்திர மூட்டைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். வேன் மெல்லப் போயிற்று. முதல் திருப்பத்தில், புதிதாகத் திறந்திருந்த ஒரு கம்பெனியின் வாசலில் ஷிப்டுக்கு ஆட்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கழுத்தில் புது அடையாள அட்டைகள். ஒரு பெண் வேனுக்குள் மிருதுளாவைக் கண்டுகொண்டு பக்கத்திலிருந்தவளைத் தொட்டுக் காட்டினாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. கைகள் உயர்ந்தன. “அக்கா” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

மிருதுளாவின் கைகள் மடியிலேயே கிடந்தன. அவளால் தூக்க முடியவில்லை.

பிரகதீஷ் மனைவியைத் தாண்டி முன்சீட்டு ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டினான். அந்த வரிசை முடிகிற வரைக்கும், ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டே போனான்.